குறைந்த பந்தய மேசையில் சிறிய கைச்சோடிகளை ஆடுவது: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

304 ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். கடதாசிக் கட்டைப் பிரித்தவுடன் இரண்டிலிருந்து ஆறு வரையான சீட்டுகளைப் பொறுக்கி ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள 32 சீட்டுகளை மட்டுமே கலைப்பார்கள். நோ-லிமிட் ஹோல்டெம் போக்கரில் அந்த ஒதுக்கிய சீட்டுகளும் கட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவை 2-2, 3-3, 4-4, 5-5, 6-6 என்று சோடியாக உங்கள் கையில் வந்து சேரும்போது எவ்வளவு கொடுத்து ஆடலாம், எப்போது மடித்துவிட (கையைக் கைவிட) வேண்டும் என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் மாடிவீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆடத் தொடங்கிய முதல் ஒன்றரை வருடத்தில், எனது பணம் அதிகமாகப் போனது இந்தச் சோடிகளால்தான். ஒரே இரவில் பெரிய தொகையாக அது போகவில்லை. 300 ரூபாயாகவும் 400 ரூபாயாகவும் கசிந்து போனதால், போகிறது என்பதே நீண்ட காலம் எனக்குத் தெரியவில்லை. கைகளின் வரிசையும் பந்தயச் சுற்றுகளின் ஒழுங்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் சிறிய பிளைன்ட் 50 ரூபாய், பெரிய பிளைன்ட் 100 ரூபாய் (சீட்டைப் பார்க்கும் முன்னரே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்), ஒருவர் 10,000 ரூபாயுடன் உட்காருகிறார் என்ற மேசைக்கு உரியவை. உங்கள் மேசையின் அளவு வேறாக இருந்தால் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இடத்தைத் தீர்மானியுங்கள்: ஆவணமும் வாசற்செலவும்

கொழும்பில் ஆடுபவருக்கு மிகப் பெரிய செலவு மேசையில் அல்ல, வாசலிலேயே வரக்கூடும். அனுமதிபெற்ற கசினோ ஒன்றுக்குள் நுழையும் இலங்கைப் பிரசையிடம் அறவிடப்படும் நுழைவு வரி 2025 இல் 50 அமெரிக்க டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. டொலர் ஒன்றை 300 ரூபாய் என்று வைத்தாலே இது 30,000 ரூபாய், அதாவது நான் சொன்ன மேசையில் மூன்று தடவை முழுத்தொகையுடன் உட்காரப் போதுமான பணம். சிறிய சோடி ஒன்று நல்ல தொகை தருவது மூன்று நான்கு அமர்வுக்கு ஒருமுறைதான் என்பதை அடுத்த பகுதியில் கணக்கோடு பார்ப்போம். அதற்குள் வாசல் வரி மட்டுமே ஒரு இலட்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே இலங்கைப் பிரசையாக உள்ள ஒருவர் குறைந்த பந்தயத்தில் பழகுவதற்குக் கசினோ ஏற்ற இடமல்ல என்பதே எனது முடிவு.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் உறவினருடன் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டவர் தமது மூலக் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுவரட்டும், கைத்தொலைபேசியில் உள்ள படத்தை நம்பிப் போக வேண்டாம். நீங்கள் தேசிய அடையாள அட்டையையும் வரிக்கான பணத்தையும் தனியாக எடுத்துவையுங்கள். அந்த வரியை ஆட்டத்துக்கான பணத்திலிருந்து கொடுத்தால், உட்காரும்போதே குறைந்த தொகையுடன் உட்காருவீர்கள். குறைந்த தொகையுடன் உட்காருவது சிறிய சோடிகளின் பெறுமதியை எப்படி அழிக்கிறது என்பதை மூன்றாம் படியில் காட்டுகிறேன்.

நண்பர்களின் மேசை என்றால் மூன்று விடயங்களை உட்காரும் முன் கேட்டுத் தெளியுங்கள். வீட்டுக்காரர் பொட்டிலிருந்து, அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து, பங்கு எடுக்கிறாரா? சிப் வாங்கிய கணக்கை யார் எழுதுகிறார்? பணம் அன்றிரவே தீர்க்கப்படுமா? ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு வீட்டில், பொட் சற்றுப் பெரிதானவுடன் அதிலிருந்து 200 ரூபாய் ஒரு தகரப் பெட்டிக்குள் போனதை இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கவனித்தேன். நான்கு மணித்தியாலத்தில் அந்தப் பெட்டிக்குள் போன பணம் மேசையில் இருந்த எவரும் அன்று வென்ற தொகையை விட அதிகமாக இருந்தது. சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் 2025 இல் நிறைவேறியிருக்கும் நிலையில், பங்கு எடுக்கும் வீடு அனுமதிப்பத்திரமில்லாத சூதாட்ட நிலையமாகவே பார்க்கப்படக்கூடும். அப்படிப்பட்ட மேசையில் உட்கார வேண்டாம். அடையாள அட்டையின் படத்தையும் வங்கி அட்டையின் படத்தையும் கேட்கும் முகவரியற்ற செயலிகளுக்கும் இதே அறிவுரைதான்.

ஆட்டத்துக்கென ஒதுக்கும் பணம் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் டியூஷன் காசும் இருக்கும் கணக்கிலிருந்து வேறாக இருக்க வேண்டும். உட்காரும் தொகையின் 20 மடங்காவது அதில் இருந்தால்தான் இந்தக் கட்டுரையில் சொல்லும் விகிதங்கள் உங்களுக்குப் பயன்படும். அவ்வளவு இல்லையென்றால் பிளைன்ட் 5, 10 ரூபாய் என்று நண்பர்களுடன் பேசி மேசையைச் சிறிதாக்குங்கள், கணக்கு மாறாது.

2. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வரும் என்பதை மனதில் பதியுங்கள்

இரண்டு சீட்டுகள் 1,326 விதமாகக் கைக்கு வரலாம். அவற்றில் 2-2 முதல் 6-6 வரையானவை 30. ஆகவே 44 கைக்கு ஒருமுறைதான் சிறிய சோடி வரும். மனிதர் கையால் பகிரும் மேசையில் மணித்தியாலத்துக்கு 25 முதல் 30 கை வரை நடக்கும் என்பதால், நான்கு மணித்தியாலம் நீடிக்கும் ஒரு சனிக்கிழமையில் இரண்டு அல்லது மூன்று தடவை இது உங்களுக்குக் கிடைக்கும்.

ஃபுளொப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில், அந்தச் சோடியின் மூன்றாவது சீட்டு விழுவதையே செட் என்கிறோம். அது விழுவதற்கான வாய்ப்பு 11.8 வீதம், அதாவது எட்டரைத் தடவைக்கு ஒருமுறை. இரண்டையும் பெருக்கினால், வரும் ஒவ்வொரு சிறிய சோடியுடனும் ஃபுளொப்பைப் பார்த்தாலும்கூட ஏறத்தாழ 375 கைக்கு ஒரு செட், அல்லது மூன்றரைச் சனிக்கிழமைக்கு ஒரு செட்.

இந்தக் கால அளவைத் தெரியாமல் உட்காருபவர்தான் பொறுமை இழக்கிறார். தொடர்ந்து 20 தடவை செட் விழாமல் போவதற்கான வாய்ப்பு நூறில் எட்டு. அது எவருக்கும் நடக்கக்கூடிய ஒன்று. இருபது தடவை என்பது வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு இரண்டு மாதம். இரண்டு மாதம் ஒன்றும் விழவில்லை என்பதற்காக, "இனி விழத்தானே வேண்டும்" என்று 1,000 ரூபாய் கொடுத்து ஃபுளொப்பைப் பார்க்கும் தவறை நான் பலமுறை செய்திருக்கிறேன். முன்பு விழாதது கட்டுக்குள் எங்கும் கணக்கு வைக்கப்படுவதில்லை.

3. கோல் செய்யும் முன் எதிராளிக்கு முன்னால் உள்ளதை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள். சிறிய சோடியின் பெறுமதி உங்கள் கையில் இல்லை, எதிராளிக்கு முன்னால் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் சிப்பில்தான் இருக்கிறது. நான் இதைக் கற்றது தோற்ற கையில் அல்ல, வென்ற ஒரு கையில்.

அன்று மேசையில் கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் என் வலப்பக்கத்தில் இருந்தார். அவர் 400 ரூபாய்க்கு உயர்த்தினார். என்னிடம் 4-4. மற்றவர்கள் மடித்தார்கள், நான் கோல் செய்தேன், அதாவது அவர் வைத்த 400 க்கு ஈடாக நானும் 400 வைத்தேன். ஃபுளொப்பில் ராஜா, ஒன்பது, நான்கு விழுந்தன. அவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தன. தமது சிப் முழுவதையும் நடுவில் தள்ளினார், என் மூன்று நான்குகள் நின்றன, நான் வென்றேன். கடற்கரைப் பக்கத்து ரயில் ஒன்று போய் ஓயும் வரை பேசாமல் இருந்த ஐயா, சிப் கணக்கு எழுதும் தாளைத் திருப்பி, பென்சிலால் இரண்டு வரி எழுதி என் பக்கம் தள்ளினார். "தம்பி, நீர் வெண்டது சரி. ஆனால் என்னட்ட இருந்ததே 2,200. அதுக்கு நீர் 400 குடுத்து வந்திருக்கக் கூடாது."

அவர் எழுதிய முதல் வரி: 400 ஐ ஏழரையால் பெருக்க 3,000. இரண்டாம் வரி: 2,200 உடன் 150 ஐக் கூட்ட 2,350. ஒரு செட் விழுவதற்கு ஏழரைத் தடவை விழாமல் போகும், அந்த ஏழரைத் தடவையும் 400 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் இழப்பேன். விழும் ஒரு தடவையில், அவர் தம்மிடம் இருப்பது முழுவதையும் தந்தாலும், மடித்தவர்களின் பிளைன்ட் 150 ரூபாயுடன் சேர்த்து எனக்குக் கிடைக்கக்கூடியது 2,350 தான். அவர் ஒவ்வொரு தடவையும் முழுவதையும் தருவார் என்று வைத்தாலும் நான் நட்டப்படுகிறேன். நான் மகிழ்ச்சியோடு அள்ளிக்கொண்ட அந்தப் பொட், தவறான ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு.

இப்போது அதே 400 ரூபாய் உயர்த்தலை, முன்னால் 10,000 ரூபாய் வைத்திருப்பவர் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரைத் தடவையின் இழப்பு அதே 3,000. விழும் தடவையில் 550 ரூபாய் ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது. மீதி 2,450 ரூபாயைச் சராசரியாக அடுத்த மூன்று சுற்றில் அவரிடமிருந்து எடுத்தால் முதலும் செலவும் சமன், அதற்கு மேல் எடுப்பது இலாபம். எடுப்பதற்கு அவரிடம் 9,600 ரூபாய் இருக்கிறது.

ஆனால் செட் விழும் ஒவ்வொரு தடவையும் எதிராளி பணம் தரமாட்டார். அவருக்கும் ஏதோ ஒன்று விழுந்திருந்தால்தான் தருவார். சில தடவை உங்கள் செட்டே தோற்கும். இந்தக் குறைகளுக்காக நான் பின்பற்றும் அளவு இது: கோல் செய்யக் கொடுக்கும் தொகையின் 15 மடங்காவது எதிராளியிடமும் உங்களிடமும் இருக்க வேண்டும். இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் தொகையையே எண்ணுங்கள், ஏனெனில் அதற்கு மேல் எவரும் வெல்லவோ இழக்கவோ முடியாது. எதிராளி கவனமாக ஆடுபவர், எளிதில் மடிப்பவர் என்றால் 20 மடங்கு கேளுங்கள். உங்களுக்கு முன்னரே இரண்டு மூன்று பேர் கோல் செய்திருந்தால், நடுவில் கிடக்கும் பணமும் பணம் தரக்கூடியவர்களின் எண்ணிக்கையும் கூடுவதால், 10 மடங்குடனும் போகலாம்.

நடைமுறையில் இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். சீட்டு கைக்கு வரும் முன்னரே ஒவ்வொருவருக்கும் முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் எண்ணிவையுங்கள். சிப்பை இருபது இருபதாக அடுக்கும் மேசையில் இது அரை நிமிட வேலை. சோடியைப் பார்த்த பிறகு எண்ணத் தொடங்கினால் இரண்டு தீங்கு நேரும்: உங்கள் பார்வையைப் பார்த்தே சிலர் உங்கள் கையை ஊகிப்பார்கள், நீங்களும் கோல் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் எண்ணுவீர்கள்.

4. இருக்கையைப் பார்த்து முடிவெடுங்கள்

எவரும் உயர்த்தாத நிலையில் நீங்கள் பட்டனிலோ (ஃபுளொப்புக்குப் பின் கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) அதற்கு வலப்பக்கத்து இருக்கையிலோ இருந்தால், 2-2 உடனும் 300 ரூபாய்க்கு நீங்களே உயர்த்தலாம். பல தடவை எல்லோரும் மடித்துவிடுவார்கள், ஃபுளொப்பைப் பார்க்காமலேயே பிளைன்ட் இரண்டும் உங்களுடையவை. முதலில் முடிவெடுக்க வேண்டிய முன்னிருக்கைகளில், ஒன்பது பேர் உள்ள மேசையில், 2-2, 3-3, 4-4 ஐ மடித்துவிடுவது புதியவருக்கு நல்லது. மேசை அமைதியானது, எல்லோரும் 100 ரூபாய் மட்டும் வைத்து உள்ளே வருகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நீங்களும் அப்படியே வரலாம். கொழும்பில் நான் ஆடிய நண்பர்களின் மேசைகள் பெரும்பாலும் இந்த வகைதான், அங்கே 100 ரூபாய்க்கு ஐந்து பேருடன் ஃபுளொப்பைப் பார்ப்பது சிறிய சோடிக்குக் கிடைக்கும் மிக மலிவான விலை.

எச்சரிக்கை ஒன்று. ஒருவர் உயர்த்தியபின் நீங்கள் கோல் செய்யும்போது, உங்களுக்குப் பின்னால் இன்னும் முடிவெடுக்காதவர்களில் அடிக்கடி மீண்டும் உயர்த்தும் பழக்கமுள்ளவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் 1,600 க்கு உயர்த்தினால் நீங்கள் மடிக்க வேண்டியிருக்கும், ஃபுளொப்பைப் பார்க்காமலேயே 400 ரூபாய் போய்விடும். எட்டரைக்கு ஒன்று என்ற வாய்ப்புக்கூட அந்தப் பணத்துக்குக் கிடைக்கவில்லை.

5. மீண்டும் உயர்த்தப்பட்டால்

நீங்கள் 300 க்கு உயர்த்துகிறீர்கள், ஒருவர் 1,200 ஆக்குகிறார், இருவரிடமும் தொடக்கத்தில் 10,000. மேலும் 900 கொடுக்க வேண்டும், மீதி இருப்பது 9,700. பத்து மடங்கு சொச்சம்தான், ஆகவே மடியுங்கள். ஏற்கெனவே வைத்த 300 ரூபாயை மீட்பதற்காகக் கோல் செய்வதாக மனம் சொல்லும். அந்த 300 இப்போது உங்களுடையது அல்ல, பொட்டுக்கு உரியது. அவரிடம் ஏஸ் சோடியோ ராஜாச் சோடியோ தவிர வேறெதுவும் இருக்காது, அதை எந்த நிலையிலும் மடிக்கவும் மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பத்து மடங்கை ஏற்கலாம். அந்த உறுதி வருவதற்கு ஒருவருடன் பல மாதங்கள் ஆடியிருக்க வேண்டும்.

6. ஃபுளொப்பில் விழாவிட்டால்

நூறில் 88 தடவை நிகழப்போவது இதுதான். 5-5 வைத்திருப்பவர் பார்க்கும் ஃபுளொப்புகளில் ஐந்தை விடப் பெரிய சீட்டு ஒன்றுகூட இல்லாதவை நூறில் இரண்டு மட்டுமே. ஆகவே "என் சோடி இன்னும் முன்னணியில் இருக்கலாம்" என்ற எண்ணத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் இல்லை. எதிராளி பந்தயம் வைத்தால் மடியுங்கள். இரண்டு மூன்று எதிராளிகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டேர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், விழும் என்று காத்திருப்பதுதான் புதியவர்களின் பணம் அதிகமாகப் போகும் வாசல். காணாத 47 சீட்டுகளில் உங்களுக்கு உதவுபவை இரண்டு. 23 அல்லது 24 தடவைக்கு ஒருமுறை விழும் ஒன்றுக்காக, 950 ரூபாய் பொட்டில் 500 ரூபாய் கொடுக்கிறீர்கள். 10,000 ரூபாய் மேசையில் எதிராளி தம்மிடம் இருப்பது முழுவதையும் தந்தாலும் இந்த விலை பொருந்தாது.

உயர்த்தியவர் நீங்களே என்றால், எதிரே ஒருவர் மட்டும் இருந்தால், ஃபுளொப் ராஜா, ஏழு, இரண்டு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாமலும் வெவ்வேறு பூவிலும் (ஆட்டின், டைமன், கிளாவர் என்று) விழுந்தால், ஒருமுறை பந்தயம் வைக்கலாம். பொட் 650 ரூபாய் என்றால் 325 வையுங்கள். மூன்றில் ஒரு தடவை அவர் மடித்தாலே உங்களுக்கு நட்டமில்லை, அப்படிப்பட்ட ஃபுளொப்பில் அதை விட அதிகமாகவே மடிப்பார்கள். அவர் கோல் செய்தால் அத்துடன் நிறுத்துங்கள்.

7. செட் விழுந்தால்

ஒளித்து ஆட வேண்டாம். செட் விழுந்தவுடன் செக் சொல்லி (பந்தயம் வைக்காமல் விட்டு), எதிராளியை உள்ளே இழுத்து, கடைசியில் பிடிக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். குறைந்த பந்தய மேசையில் இருப்பவர்கள் மடிக்க வேண்டிய கையுடனும் கோல் செய்பவர்கள். அவர்களிடம் பணம் வாங்குவதற்கு ஒளிப்பு தேவையில்லை, மூன்று சுற்றும் வைப்பதே தேவை.

காரணத்தைக் கணக்கிலேயே பாருங்கள். முன்னர் சொன்ன உதாரணத்தில் பொட் 950, ஒவ்வொருவரிடமும் 9,600. ஃபுளொப்பில் 850 வைத்து அவர் கோல் செய்தால் பொட் 2,650 ஆகிறது. டேர்னில் 2,300 வைத்தால் பொட் 7,250. ரிவரில், அதாவது ஐந்தாவது பொதுச் சீட்டில், உங்களிடம் மீதி இருப்பது 6,450, அதை முழுவதுமாகத் தள்ளினாலும் பொட்டை விடச் சிறிய தொகைதான், ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் அதற்குக் கோல் செய்யக்கூடும். ஃபுளொப்பில் செக் சொல்லிவிட்டால், மீதி இரண்டு சுற்றில் அதே 9,600 ஐயும் உள்ளே கொண்டுவர ஒவ்வொரு சுற்றிலும் பொட்டின் 1.8 மடங்கு வைக்க வேண்டும். அதைப் பார்த்து எவரும் சந்தேகப்படுவார். ஒரு செக் உங்களுக்கு 850 ரூபாயை மட்டும் இழக்கச் செய்வதில்லை, கடைசியில் வரவேண்டிய 6,000 ரூபாயையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது.

எதிராளி முதலில் உயர்த்தியவர், அவரே ஃபுளொப்பிலும் பந்தயம் வைக்கிறார் என்றால், அவர் வைத்ததைப் போல மூன்று மடங்குக்கு உயர்த்துங்கள். டைமன் இரண்டு, கிளாவர் ஒன்று என்று ஒரே பூவில் ஐந்து சேரக்கூடிய ஃபுளொப்பில் இதைத் தாமதிக்கவே கூடாது. இன்னொரு டைமனுக்காகக் காத்திருப்பவர் உங்கள் செட்டை நான்கில் ஒரு தடவை வெல்வார். அவர் அந்தச் சீட்டுக்காக விலை கொடுக்கட்டும்.

பணம் தரக்கூடியவர் யார் என்பதும் இங்கே முக்கியம். ராணியும் பத்தும், ஏஸும் ஜாக்கும் போன்ற கைகளுடன் மேல்சோடி ஒன்று பிடித்தவர் இரண்டு சுற்றாவது தருவார். ஃபுளொப்பில் ஏஸ் விழுந்திருக்க, எதிராளி ராணிச் சோடி வைத்திருப்பவர் போல ஒடுங்கினால், பந்தயத்தைப் பொட்டின் பாதிக்குக் குறைத்து அவரைத் தங்கவையுங்கள். பெரிய சோடி வைத்திருப்பவர் மேசையில் மேல்சீட்டு எதுவும் இல்லாதபோது மடிக்கவே மாட்டார், அவரிடம் உங்கள் செட் பத்தில் ஒன்பது தடவை நிற்கும்.

8. எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்படக் கூடாது

எதிராளிக்கும் பெரிய செட் விழுந்திருக்குமோ என்ற பயம் புதியவரை மிகவும் வாட்டும். இருவரிடமும் சோடி இருக்கும்போது இருவருக்குமே ஃபுளொப்பில் செட் விழுவது நூறில் ஏறத்தாழ ஒரு தடவை. 10,000 ரூபாய் மேசையில் அந்த ஒரு தடவைக்காக மீதித் தடவைகளில் மடிப்பது பெரிய நட்டம். அப்படி நடந்தால் பணம் போகும், அடுத்த கைக்குத் தயாராகுங்கள். ஆனால் இரவு நீண்டு, இருவரிடமும் 25,000, 30,000 என்று சேர்ந்துவிட்ட பிறகு, அமைதியாக ஆடும் ஒருவர் 2-2 செட்டுக்கு எதிராக டேர்னிலும் ரிவரிலும் உயர்த்திக்கொண்டே போனால், கோல் செய்வதோடு நில்லுங்கள், நீங்கள் மேலும் உயர்த்த வேண்டாம்.

ரிவரில் பலகைக்கு நான்காவது ஆட்டின் விழுந்து, இதுவரை கோல் மட்டுமே செய்துவந்தவர் திடீரென்று பெரிய தொகை வைத்தால் மடியுங்கள். குறைந்த பந்தய மேசையில் ரிவரில் வரும் பெரிய உயர்த்தல் மிக அரிதாகவே பொய்யாக இருக்கும். டேர்னிலேயே மூன்றாவது ஆட்டின் வந்தால் நிலை வேறு. பலகையில் உள்ள மற்ற மூன்று சீட்டில் ஒன்றின் சோடியோ நான்காவது உங்கள் எண்ணோ விழுந்தால் ஃபுல் ஹவுஸோ நான்கு ஒரே எண்ணோ ஆகும். ஃபுளொப்பில் செட் உள்ளவருக்கு ரிவருக்குள் இது நடப்பது மூன்றில் ஒரு தடவை, டேர்னில் நின்று பார்த்தால் 46 சீட்டில் 10. ஆகவே டேர்னில் விலை நியாயமாக இருந்தால் ஒரு சீட்டு பார்க்கலாம்.

9. சிப் குறைந்த நிலையில்

மேலே சொன்ன எல்லாம் பணம் ஆழமாக உள்ள மேசைக்கு உரியவை. நுழைவுத் தொகை கட்டி ஆடும் போட்டிகளில் உங்கள் சிப் பெரிய பிளைன்டைப் போல 12 மடங்குக்குக் கீழே வந்துவிட்டால் செட்டுக்காகக் காத்திருக்க இடமில்லை. எவரும் உயர்த்தாத நிலையில் பின்னிருக்கையிலிருந்து ஓல் இன் செய்யுங்கள் (சிப் முழுவதையும் வையுங்கள்), இல்லையென்றால் மடியுங்கள். எதிராளியிடம் இரண்டு மேல்சீட்டுகள் இருந்தால் பாதிக்குச் சற்று மேலாகவும், பெரிய சோடி இருந்தால் ஐந்தில் ஒரு தடவையும் வெல்வீர்கள். கோல் செய்து ஃபுளொப்பைப் பார்ப்பது இங்கே எல்லாவற்றிலும் மோசமான தெரிவு.

10. கொப்பி எழுதுங்கள்

சி.ஆர். கொப்பி ஒன்றை இதற்கென வாங்குங்கள். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று வரிதான், ரயிலிலோ முச்சக்கர வண்டியிலோ வீடு திரும்பும் நேரத்துக்குள் எழுதி முடிக்கலாம். ஒவ்வொரு சிறிய சோடிக்கும் ஆறு விடயம்: திகதி, சோடி, எந்த இருக்கை, கோல் செய்யக் கொடுத்த தொகை, இருவரில் குறைந்தவரின் தொகை, கடைசியில் வந்ததோ போனதோ எவ்வளவு. எதிராளியின் பெயரை எழுத வேண்டாம், மேசையில் கொப்பி பறிபோனால் நட்பும் போகும்.

ஐந்தாவது நிரலை நான்காவதால் வகுத்து, 15 க்குக் குறைவான வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடிடுங்கள், வென்ற கையாக இருந்தாலும். எனது முதற் கொப்பியில் பாதிக்கு மேற்பட்ட வரிகள் சிவப்பாயின. ஐயாவிடம் 2,350 ரூபாய் வென்ற அந்த வரியும் அவற்றில் ஒன்று, வகுத்தால் ஐந்தரை வருகிறது. ஐம்பது வரி சேரும் முன் இலாப நட்டத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரு செட் கூடுதலாக விழுந்தாலே முழுக் கணக்கும் தலைகீழாகும். அதுவரை சிவப்புக் கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள்.